7 வருஷ அப்டேட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி, 9 ஆகஸ்ட் 2025

போன் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. கடைக்காரர் 25 ஆயிரம் ரூபாய் போன் ஒன்றைக் காட்டி இதுவே தாராளம் என்கிறார். என் பையன் 60 ஆயிரம் ரூபாய் போனைக் காட்டி, "இதற்கு 7 வருஷம் அப்டேட் வரும்பா, வருஷத்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் இதுதான் மலிவு" என்கிறான். யார் சொல்வது சரி?

9 ஆகஸ்ட், இரவு

முதலில் பையனின் கணக்கையே போட்டுவிடுவோம். 60 ஆயிரத்தை 7ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 8,571 ரூபாய். 25 ஆயிரம் ரூபாய் போன் 3 வருஷம் ஓடினால் 8,333. மலிவு என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது. 25 ஆயிரம் போன் நாலாவது வருஷத்தையும் தொட்டுவிட்டால் 6,250தான். 60 ஆயிரம் போனுக்கு நடுவில் ஒரு பேட்டரி செலவு நிச்சயம் உண்டு, அதையும் நான் சேர்க்கவில்லை.

7 வருஷம் என்பது எங்கிருந்து வந்தது? 2023 அக்டோபரில் பிக்சல் 8 வந்தபோது கூகுள் சொன்னது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வந்தபோது சாம்சங்கும் அதே எண்ணைச் சொன்னது. இரண்டுக்கும் கெடு முடிவது 2030, 2031இல். அதாவது இந்த வாக்குறுதியோடு பிறந்த ஒரு போன்கூட இன்னும் பாதி ஆயுளைத் தாண்டவில்லை. அதை ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அனேகமாகக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ள உங்கள் போன் உயிரோடு இருக்குமா என்பது வேறு கேள்வி, அதைப் பற்றித்தான் விளம்பரத்தில் ஒரு வரியும் கிடையாது.

10 ஆகஸ்ட்

"ஆப்பிள் இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செய்தது, சத்தமில்லாமல் செய்தது. 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில் ஒரு பாதுகாப்பு பேட்ச் (ஓட்டையை அடைக்கும் சின்ன அப்டேட்) வந்தது. ஆனால் பிரிட்டனில் சட்டம் வந்து, எத்தனை வருஷம் அப்டேட் என்று எழுத்தில் கேட்டபோது, ஐபோன் 15க்கு ஆப்பிள் எழுதிக் கொடுத்தது குறைந்தபட்சம் 5 வருஷம் என்றுதான். வாயால் சொல்வது, எழுதிக் கொடுப்பது, நடைமுறையில் செய்வது, இந்த மூன்றும் மூன்று எண்கள். ஆண்ட்ராய்டுக்காரர்கள் முதல் எண்ணைப் பெரிதாக்குகிறார்கள், ஆப்பிள் மூன்றாவதைப் பெரிதாக்குகிறது.

ஃபேர்போன் என்று நெதர்லாந்துக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அவர்களின் ஃபேர்போன் 2 வெளிவந்தது 2015இல், ஆதரவை முடித்துக்கொண்டது 2023 மார்ச்சில். சின்னக் கம்பெனி. சிப் செய்த குவால்காமே அந்தச் சிப்பைக் கைவிட்ட பிறகும் தாங்களே உட்கார்ந்து ஆண்ட்ராய்டை ஒட்டவைத்து ஓட்டினார்கள். பெரிய கம்பெனிகள் இத்தனை காலம் 2 வருஷத்தோடு கைகழுவியதற்குச் சொன்ன காரணம் என்ன? "சிப்காரர் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) தருவதில்லை." பாதி உண்மை. மீதிப் பாதி, அடுத்த போனை விற்க வேண்டும்.

இப்போது அந்தச் சாக்கும் போகிறது. தன் ஸ்னாப்டிராகன் 8 எலைட் சிப்பில் ஆரம்பித்து 8 வருஷம் வரை ஆதரவு தர வழிசெய்வோம் என்று குவால்காம் இந்த பிப்ரவரியில் அறிவித்தது.

10 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல மறந்தேன். ஆண்ட்ராய்டு 15, 16, 17 என்று ஏறுவது ஒன்று. மாதாமாதம் வரும் பாதுகாப்பு பேட்ச் இன்னொன்று. முதலாவது வராவிட்டால் எனக்குக் கவலையே இல்லை. ஐகானை உருண்டையாக்குவார்கள், அடுத்த வருஷம் சதுரமாக்குவார்கள். இரண்டாவதுதான் முக்கியம். போனின் நம்பகத்தன்மையைச் சோதிக்க வங்கிச் செயலிகள் கூகுளின் பிளே இன்டக்ரிட்டி என்ற சோதனைச் சேவையைக் கேட்க முடியும். இந்த வருஷம் மே மாதத்திலிருந்து, ஆண்ட்ராய்டு 13, அதற்கு மேற்பட்ட போன்களில் அதன் உச்ச மதிப்பெண் வேண்டுமென்றால் கடைசி ஒரு வருஷத்துக்குள் பேட்ச் வாங்கியிருக்க வேண்டும். எல்லா வங்கியும் இந்த உச்ச மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் பேட்ச் நின்ற போன் பணம் அனுப்பத் தகுதியில்லாத போனாகிவிடும்.

வாட்ஸ்அப் விஷயத்தில் பயப்படாதீர்கள். 2013இல் வந்த ஆண்ட்ராய்டு கிட்கேட்டை அவர்கள் கைவிட்டது இந்த 2025 ஜனவரியில்தான். அவ்வளவு பழைய போன் வைத்திருப்பவருக்கு வாட்ஸ்அப் நின்றால் வீட்டில் நிம்மதி.

14 ஆகஸ்ட்

சரி, பேட்டரி. நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

பழைய போன் ஒன்றை (கம்பெனி பெயர் வேண்டாம்) சரிசெய்ய சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். பேக் பேனல் ஓரமாகப் பிளந்துகொண்டு நின்றது. கடைத் தம்பி அதை வாங்கி மேஜைமேல் வைத்துச் சுற்றிவிட்டான். போன் நிற்காமல் சுழன்றது. "உப்பிடுச்சு அண்ணே." சூடான தட்டின்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தான், பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் விட்டு நாலு பக்கமும் இழுத்தான், பேனல் கையோடு வந்தது. உள்ளே பேட்டரி பூரி மாதிரி புடைத்திருந்தது. அதுவும் பசைபோட்டு ஒட்டியது. இரும்பு எதையும் அவன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை. சொட்டுச்சொட்டாக ஆல்கஹால் விட்டு, அட்டையை அடியில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினான். குத்திவிட்டால் புகைந்துவிடும்.

"ஒரிஜினல் போடவா, ஓஇஎம் போடவா?"

"என்னப்பா வித்தியாசம்?"

"ஸ்டிக்கர்தான் அண்ணே."

அந்தத் தம்பியின் நேர்மைக்காகவே காசைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டபோது "இந்த மாடலுக்கு பேட்டரி ஸ்டாக் வருவதில்லை" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் போனுக்கு அப்போதும் பேட்ச் வந்துகொண்டிருந்தது.

ஆகவே கேள்வி கேட்ட நண்பரே, வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, நீங்கள் வாங்கப்போகும் மாடலுக்கு மூன்று வருஷம் முந்திய அண்ணன் மாடல் எதுவோ, அதற்கு பேட்டரி இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். புது மாடலுக்குக் கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

15 ஆகஸ்ட்

நேற்று எழுதியதற்கு "பேட்டரி செத்தால் மாற்றலாம், அப்டேட் செத்தால் மாற்ற முடியாது, எனவே அப்டேட்தான் முக்கியம்" என்று ஒரு பதில். நல்ல வாதம். ராத்திரி அதைப் பற்றி யோசித்தேன். ஆனால் அப்டேட்டே பேட்டரியைக் குறைத்த கதை இருக்கிறதே! இந்த ஜனவரியில் பிக்சல் 4ஏவுக்குத் தானாக இறங்கிய அப்டேட் ஒன்று, பல போன்களில் பேட்டரியின் கொள்ளளவைக் கணிசமாகக் குறைத்துவிட்டது. ஜூலையில் பிக்சல் 6ஏவுக்கு: 400 சார்ஜ் சுற்றைத் தாண்டிய பேட்டரி சூடாகும் அபாயம் இருப்பதால் கொள்ளளவையும் சார்ஜ் வேகத்தையும் கட்டுப்படுத்துகிறோம் என்று கட்டாய அப்டேட். பாதுகாப்புக்காகத்தான் செய்தார்கள், பேட்டரி மாற்றித் தருவதாகவும் நஷ்டஈடு தருவதாகவும் அறிவித்தார்கள், அதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 400 சுற்று என்பது தினமும் ஒரு முழு சார்ஜ் போடுகிறவருக்கு ஒரு வருஷமும் சில வாரங்களும். 7 வருஷம் எங்கே, இது எங்கே.

பிக்சல் 9ஏவில் இதை முன்கூட்டியே திட்டமாக வைத்துவிட்டார்கள். 200 சுற்றில் ஆரம்பித்து 1,000 சுற்று வரை படிப்படியாக வோல்டேஜைக் குறைத்துக்கொண்டே போகும். அதை நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. போனுக்கு வயதாவதை அவர்களே கால அட்டவணை போட்டு நடத்துகிறார்கள்.

23 ஆகஸ்ட்

பேட்டரி நீடிக்க 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துவது நல்லதா என்று இத்தனை பேர் அடித்துக்கொள்வீர்கள் என்று நினைக்கவில்லை. என் கருத்து கீழே. அதற்கும் திட்டலாம்.

லித்தியம் பேட்டரிக்கு இரண்டு எதிரி: அதிக வோல்டேஜில் நெடுநேரம் கிடப்பது, சூடு. முதலாவதற்காகத்தான் ஐபோன் 15இல் 80 சதவீத வரம்பு வந்தது, ஐஓஎஸ் 18இல் 85, 90, 95 என்று தேர்ந்தெடுக்க விட்டார்கள், பிக்சலிலும் வந்துவிட்டது. வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்று வருஷம் கழித்து பேட்டரி 80 சதவீதம் ஆகிவிடுமே என்ற பயத்தில் இன்றைக்கே 80 சதவீத பேட்டரியோடு குடித்தனம் நடத்துகிறோம். நாள் முழுக்க வெளியே அலைகிறவருக்கு இது சரிப்பட்டு வராது. மேஜையிலேயே சார்ஜரோடு உட்கார்ந்திருப்பவர் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

நம் ஊரில் சூடுதான் பெரிய எதிரி. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பயன்படுத்துங்கள் என்று ஆப்பிள் சொல்கிறது. மே மாதம் அண்ணா சாலையில் போனை எந்த 35 டிகிரிக்குள் வைப்பது? பைக் ஹேண்டில்பாரில் மாட்டி, மேப் ஓட, வெளிச்சம் முழுசாக வைத்து, கூடவே யுஎஸ்பி சார்ஜும் போட்டு, நேர்வெயிலில் போகும் டெலிவரித் தம்பிகளின் போனைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தப் போனுக்கு 80 சதவீத வரம்பு வைத்து ஒரு பிரயோசனமும் இல்லை. போதாக்குறைக்கு, சக்திவாய்ந்த மோட்டார்சைக்கிள் இன்ஜினின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021இலேயே ஆப்பிள் எச்சரித்துவிட்டது.

24 ஆகஸ்ட்

திருப்பூர் நண்பர் ஒருவர் நல்ல புள்ளியைப் பிடித்தார். இப்போது 25 ஆயிரத்துக்குள்ளேயே 7,000 எம்ஏஎச் பேட்டரி போன்கள் வருகின்றன. ஆனோடில் (பேட்டரியின் எதிர்மின் முனையில்) சிலிக்கான் கலந்த புது வகை. 60 ஆயிரம், 80 ஆயிரம் போன்கள் பல இன்னும் 5,000லேயே நிற்கின்றன.

இதற்கும் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒருவர் நாளுக்கு 5,000 எம்ஏஎச் செலவழிக்கிறார் என்று வையுங்கள். 5,000 பேட்டரியில் அது வருஷத்துக்கு 365 சுற்று. 7,000 பேட்டரியில் சுமார் 260தான். மற்றதெல்லாம் சமம் என்றால், பெரிய பேட்டரி பொறுமையாகத்தான் கிழடாகும். மற்றதெல்லாம் சமமா என்பதில்தான் சிக்கல், ஏனென்றால் சிலிக்கான் லித்தியத்தை உறிஞ்சும்போது வழக்கமான கிராஃபைட்டைவிடப் பல மடங்கு வீங்கும், அதை அடக்கத்தான் கார்பனோடு கலக்கிறார்கள். நாலு வருஷம் ஓடிய சிலிக்கான் பேட்டரி போன் என் கைக்கு இன்னும் வரவில்லை. வந்தால் மேஜையில் வைத்துச் சுற்றிப் பார்ப்பேன்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், முதல் நாள் இரவு எழுதியதைவிடக் கடைக்காரர் பக்கம் இன்னும் சாய்ந்துவிட்டேன்.

5 செப்டம்பர்

அம்மாவின் போன் திணறுகிறது, பூட்டைத் திறக்கவே நேரம் எடுக்கிறது என்று தங்கை கொண்டுவந்தாள். "மூணு வருஷம் ஆச்சுல்ல, வேற வாங்கிடலாம்ணா" என்றாள். திறந்து பார்த்தால் 64 ஜிபியில் மிச்சம் சில நூறு எம்பி. அத்தனையும் காலை வணக்கம். ரோஜாப்பூ, முருகன், தேநீர்க் கோப்பை, மறுபடி ரோஜாப்பூ. அப்புறம் கல்யாண வீடியோக்கள், ஒரே வீடியோ நாலு குழுவில் வந்து நாலு தடவை.

மெமரி சிப் நிரம்பிவிட்டால் எழுத இடம் தேடி அலையும். பழையதை நகர்த்தி, அழித்து, அப்புறம்தான் எழுதும். மலிவு போன்களில் இருக்கும் இஎம்எம்சி வகை ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியாத ரகம், நிரம்பிவிட்டால் படுத்துக்கொள்ளும். யுஎஃப்எஸ் வகை தாங்கும். ஆகவே கடையில் ரேம் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஸ்டோரேஜ் என்ன வகை என்றும் கேளுங்கள். 25 ஆயிரத்தில் யுஎஃப்எஸ் இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம்.

படங்களைத் துடைத்தேன், வாட்ஸ்அப்பில் தானாக இறக்கிக்கொள்வதை நிறுத்தினேன், போன் பறக்கிறது. இப்போது அம்மாவுக்கு என்மேல் கோபம். முருகனைக் காணோம்.

27 செப்டம்பர்

"ஜிஎஸ்டி குறைந்ததே, போன் விலை குறையுமா" என்று கேட்பவர்களுக்கு: குறையாது. 22ஆம் தேதி முதல் 28லிருந்து 18க்கு இறங்கியது பெரிய டிவி, ஏசி. போன் ஏற்கனவே 18, அங்கேயே இருக்கிறது. தீபாவளி ஆஃபரில் குறைவதெல்லாம் வங்கி அட்டைத் தள்ளுபடி. அந்த அட்டை யாரிடம் இருக்கிறது என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடுவோம், அதுதான் நம் தீபாவளி.

15 அக்டோபர்

நேற்றோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. போன் பேச்சில் இது எதற்கு என்றால், காரணம் இருக்கிறது. இங்கே எட்டு வருஷத்துக்கு முந்திய என் லேப்டாப் நன்றாக ஓடுகிறது, பேட்டரி மாற்றியாயிற்று, எஸ்எஸ்டி போட்டாயிற்று, கீபோர்டில் எந்தக் குறையும் இல்லை. சாஃப்ட்வேர்தான் "உன் பிராசஸர் இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தியது, விண்டோஸ் 11க்கு உள்ளே வராதே" என்கிறது. போனில் உடம்பு முதலில் சாகிறது, கம்ப்யூட்டரில் அனுமதிச் சீட்டு முதலில் சாகிறது. அப்டேட் ஆயுளுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்று வாதாடும் நண்பர்கள் லேப்டாப்பைச் சொல்லியிருந்தால் நான் மறுபேச்சில்லாமல் தலையாட்டியிருப்பேன்.

அவசரத்துக்கு: மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போய், செட்டிங்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு பேட்ச் காசில்லாமல் கிடைக்கும். அப்படி வேண்டாமென்றால் அவர்களின் ரிவார்ட்ஸ் புள்ளி 1,000 அல்லது 30 டாலர். நான் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். தமிழ் எழுத்துக்குக்கூட எதையும் தனியாக நிறுவ வேண்டியிருக்கவில்லை, தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது.

2 நவம்பர்

ஏஐ பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒருவர் குறைப்பட்டார். இந்த இழையோடு அதற்கு ஒரே ஒரு சம்பந்தம்தான். 7 வருஷ அப்டேட் என்று முழங்கிய பிக்சல் 8 வந்து அரை வருஷம் ஆவதற்குள், 2024 மார்ச்சில், போனுக்குள்ளேயே ஓடும் ஜெமினி நானோ ஏஐ இதற்கு வராது, வன்பொருள் போதாது என்றார்கள். அதைவிட விலை கூடிய பிக்சல் 8 புரோவுக்கு உண்டு. சத்தம் கிளம்பியதும் இறங்கி வந்து, டெவலப்பர் ஆப்ஷனுக்குள் ஒளித்துவைத்துக் கொடுத்தார்கள். ஆப்பிளும் அதே: 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15க்கு ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் கிடையாது, 15 புரோவுக்கு உண்டு. வித்தியாசத்தில் முக்கியமானது 6 ஜிபி, 8 ஜிபி ரேம்.

அப்டேட் வரும் என்றால் எண் வரும். அந்த எண்ணுக்குள் உங்கள் போனுக்கு என்ன வரும் என்பதை அவர்கள் பிறகு முடிவு செய்வார்கள். எனக்கு அந்த ஏஐ ஒன்றும் பெரிதாகத் தேவைப்படவில்லை, எழுதிய மெயிலை மரியாதையாக மாற்றித் தருகிறேன் என்கிறது, நான் மரியாதையாகத்தானே எழுதினேன். ஆனாலும் காசு கொடுத்தவனுக்குச் சொல்லவேண்டிய விஷயம்.

3 நவம்பர்

"ஐரோப்பாவில் சட்டமே வந்துவிட்டது, இனி எல்லாருக்கும் அப்டேட் வரும்" என்று எழுதியவருக்கு ஒரு திருத்தம். ஜூன் 20 முதல் அங்கே விதி அமலில் இருக்கிறது, சரிதான். ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து 5 வருஷம் அப்டேட், 7 வருஷம் உதிரிபாகம், 800 சுற்றுக்குப் பிறகும் பேட்டரியில் 80 சதவீதம். என் கண்ணுக்கு இதில் மணியான வரி உதிரிபாகம்தான். ஆனால் அது ஐரோப்பாவில் விற்கும் போனுக்கு. அதே பெயரில் இங்கே வரும் போனுக்கு உதிரிபாகம் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. யுஎஸ்பி-சி மாதிரி தொழிற்சாலையிலேயே மாறுகிற விஷயம் நமக்கும் தானாக வந்துசேரும், குடோனில் அடுக்கிவைக்க வேண்டிய விஷயம் வராது.

9 நவம்பர்

டிஸ்ப்ளேயை யாருமே கேட்கவில்லை, நானே சொல்கிறேன். என் மச்சான் வாங்கிய போனில் (இதற்கும் பெயர் வேண்டாம்) ஒரு அப்டேட் ஏறிய மறுநாள் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. அமோலெட் திரை வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வியாதி தெரிந்திருக்கும். அப்டேட்தான் காரணமா, அப்டேட் ஏறும்போது வந்த சூடா, திரைக்குப் போகும் பிளெக்ஸ் ஒயரா, எதையும் நிரூபிக்க முடியாது. வாரண்டி முடிந்திருந்தது. காம்போ (திரையும் டச்சும் சேர்ந்த பாகம்) மாற்ற சர்வீஸ் சென்டர் சொன்ன விலை, அதே போனின் பழைய விலைக்குப் பக்கத்தில் இருந்தது. வெளியே மலிவாக எல்சிடி வகைக் காம்போ போடலாம் என்றார்கள். போட்டால் திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாது, கறுப்பு சாம்பலாகத் தெரியும்.

அவன் மாற்றவில்லை. கோடு இடது ஓரமாகத்தான் போகிறது. போன வாரம் பார்த்தபோது இரண்டாவது கோடு, இளஞ்சிவப்பில். இன்னும் அப்டேட் வருகிறதா என்று கேட்டேன். வருகிறதாம், மாதம் தவறாமல்.

9 நவம்பர், பின்னிரவு

காம்போ விலை கேட்டு ஐந்தாறு பேர் எழுதிவிட்டீர்கள். மாடல் பெயர் இல்லாமல் கேட்டால் எப்படிச் சொல்வேன்? மாடல், வாங்கிய வருஷம், திரையில் கோடா உடைசலா, மூன்றையும் போடுங்கள். "அண்ணே என் போன் நீலக் கலர்" என்று எழுதிய தம்பி, உங்களைத்தான்.